உடம்பில் தங்காத நஞ்சு

2023 டிசம்பர் 26. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்துக்காரர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது ஒரு நெடி. கண் எரிந்தது, தொண்டை கமறியது, மூச்சு முட்டியது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள்.

நஞ்சியல் முதலாண்டு மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அமோனியா ஈரத்தைக் கண்டால் உடனே கரைந்துவிடும். நம் முகத்தில் ஈரமான இடங்கள் கண், மூக்கு, தொண்டை. அங்கேயே கரைந்து, காரமாகி, சவ்விலுள்ள கொழுப்பைச் சோப்பாக்கி அரிக்கிறது. அளவு மிஞ்சினால்தான் நுரையீரலின் அடிவரை இறங்கும். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்: கரைகிற வாயு துணியிலேயே கரையட்டும். காற்றைவிட லேசான வாயு மேலே போயிருக்க வேண்டாமா? அதன் கொதிநிலை மைனஸ் 33 டிகிரி. குளிர்ந்தபடியே வெளிவந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து, மூடுபனிபோலத் தரையோடு தவழும்.

தடயவியலுக்குத்தான் சிக்கல். ஆர்சனிக் என்றால் முடியிலும் நகத்திலும் மாதக்கணக்கில் இருக்கும். அப்படிப்பட்ட நஞ்சுகளை இறந்தவரின் உள்ளுறுப்புகளில் தேடத்தான் 1849-லேயே சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் வந்தது, நாட்டிலேயே முதலாவது. அமோனியாவையோ நம் உடலே தினமும் உண்டாக்குகிறது. கல்லீரல் அதை யூரியாவாக்கி அனுப்பிவிடுகிறது. அழுகும் சடலத்திலும் அது தானாகவே ஊறும். ரத்தத்தில் இருப்பது ஆலையுடையதா நம்முடையதா என்று வழக்கமான சோதனை எதுவும் சொல்லாது.

ஆக, காற்றும் கடலும்தான் சாட்சி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நள்ளிரவுக்குப் பின் அளந்தபோது ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400. ஐந்து மடங்கு என்றதும் பகீரென்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் அது பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 3 பங்குதான். எட்டு மணி நேர வேலைக்கு அப்போதிருந்த தொழிற்சாலைகள் சட்டமே 25 பங்குவரை அனுமதித்தது! மூன்று பங்கில் யாரும் மயங்கி விழ மாட்டார்கள், பெரியகுப்பத்திலோ விழுந்தார்கள். கருவி வருமுன் வாயு மேகம் ஊரைக் கடந்துவிட்டது என்றே இந்த எண்ணை நான் படிக்கிறேன். கசிந்தது 67 டன்னுக்கு மேல் என்று பின்னர் அரசுக் குழு கணக்கிட்டது. கடல்நீர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டிக்கொடுத்தது: லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத இடத்தில் 49.

இந்த வாயுவைப் பிடிக்கும் கருவி ஆலை மதிலுக்கு வெளியே, குப்பத்துத் தெருவிலேயே, நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். அது இல்லாத இரவில் மிஞ்சும் தடயம் மருத்துவமனைச் சீட்டுதான். எத்தனை மணிக்குக் கண் எரிந்தது, அப்போது எந்தத் தெருவில் இருந்தார் என்று ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு வரி எழுதியிருந்தால், ஐம்பது சீட்டுகளையும் ஊர் வரைபடத்தில் வைத்து மேகம் போன வழியைக் கோடாகவே இழுத்துவிடலாம்.