கோட்டுக்கு வெளியே நிற்பவர்களின் கணக்கு

2005 ஜூன் 21. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா மாநகரின் வடக்கு எல்லையை ஒட்டியிருக்கும் சாண்டி ஸ்பிரிங்ஸ் பகுதி மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். ‘இந்தப் பகுதி தனி நகரமாக வேண்டுமா?’ என்பதுதான் கேள்வி. 94 சதவிகிதம் பேர் ‘வேண்டும்’ என்று ஓட்டுப்போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி, மேயரும் நகர்மன்றமும் கொண்ட புதிய நகரம் உதயமானது.

ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே நிர்வகிக்கும் உரிமையைக் கேட்டார்கள், பெற்றார்கள். இதில் சர்ச்சைக்கு என்ன இடம் என்று தோன்றலாம். ஆனால், அந்த வாக்கெடுப்பு கிளப்பிய சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. சாண்டி ஸ்பிரிங்ஸைப் பார்த்து அட்லாண்டாவைச் சுற்றியுள்ள புறநகர்கள் ஒவ்வொன்றாகத் தனி நகரமாகின. ஒவ்வொரு முறையும் எல்லைக்கோட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் மட்டுமே ஓட்டுப்போட்டார்கள். அந்த முடிவால் பாதிக்கப்படப்போகும் பக்கத்துப் பகுதிக்காரர்களை யாரும் கேட்கவில்லை.

மேயர் இல்லாத ஊர்கள்

தமிழ்நாட்டில் எங்கே வீடு கட்டினாலும், அந்த இடம் பெரும்பாலும் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என ஏதோ ஓர் உள்ளாட்சியின் கீழ் வந்துவிடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படி இல்லை. நம் மாவட்டங்களைப் போல அங்கே கவுண்டிகள் உண்டு. ஜார்ஜியாவில் மட்டும் 159. ஒரு கவுண்டிக்குள் சில பகுதிகள் நகரங்களாக இருக்கும். மீதி இடங்களுக்கு மேயரும் கிடையாது, நகர்மன்றமும் கிடையாது. ரோடு போடுவதிலிருந்து போலீஸ் வரை எல்லாம் கவுண்டி நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரு காலிமனையில் அடுக்குமாடி வரலாமா, பெட்ரோல் பங்க் வரலாமா என்று முடிவுசெய்வதும் கவுண்டி ஆணையர்கள்தான்.

விவசாய நிலமும் காடுமாக இருந்த காலத்தில் இது யாருக்கும் உறுத்தவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்கள் பெருத்தன. 2000-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சாண்டி ஸ்பிரிங்ஸின் மக்கள்தொகை 85,000-ஐத் தாண்டியிருந்தது. அத்தனை பேருக்கும் தங்களுக்கென்று ஒரு மேயர் இல்லை.

அந்தப் பகுதி அமைந்திருந்த ஃபுல்டன் கவுண்டியின் வடிவமே ஒரு சிக்கல். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நொடித்துப்போன மில்டன், கேம்ப்பெல் என்ற இரு கவுண்டிகளை 1932-ல் ஃபுல்டனோடு இணைத்தார்கள். வடக்குக்கும் தெற்குக்கும் சுமார் 70 மைல் நீளும் கவுண்டி அப்படித்தான் உருவானது. நடுவில் அட்லாண்டா. வடக்கில் வசதியானவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். தெற்கில் பெரும்பாலும் கறுப்பினத்தவர். ஏழு ஆணையர்கள் அட்லாண்டாவின் மையத்தில் உட்கார்ந்து இவ்வளவு நீளத்தையும் நிர்வகித்தார்கள். தங்கள் தெருவின் தலையெழுத்தை, அந்தத் தெருவுக்கு வந்தேயிராதவர்கள் எழுதுகிறார்கள் என்ற வடக்குப் பகுதி மக்களின் ஆத்திரத்தில் நியாயம் இருந்தது.

30 ஆண்டுப் போராட்டம்

1960-களில் சாண்டி ஸ்பிரிங்ஸைத் தன்னோடு இணைத்துக்கொள்ள அட்லாண்டா முயன்றது. 1966-ல் மக்கள் ஓட்டுப்போட்டு அதை நிராகரித்தார்கள். அட்லாண்டாவோடு சேர மறுத்தவர்கள் அடுத்து ‘தனி நகரம்’ கேட்டார்கள். 1970-களிலிருந்து அந்தக் கோரிக்கையை முன்னெடுத்தவர், பெர்லினில் பிறந்த பொருளாதார நிபுணர் ஈவா கலாம்போஸ். ஜார்ஜியாவில் புதிய நகரம் அமைய மாநிலச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டும். ஜனநாயகக் கட்சியின் பிடியில் இருந்த சட்டமன்றத்தில் மசோதா திரும்பத் திரும்ப முடங்கியது. 2004 தேர்தலில் குடியரசுக் கட்சி கீழவையைக் கைப்பற்ற, மறு ஆண்டே சட்டம் நிறைவேறியது. முதல் மேயராகப் பதவியேற்ற கலாம்போஸ், 2014 தொடக்கம் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

புதிய நகரம் தொடக்கத்திலேயே நாடு முழுக்கப் பேசப்பட்டது. போலீஸ், தீயணைப்பு தவிர ஏறக்குறைய எல்லா வேலைகளையும் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் கொடுத்துவிட்டார்கள். ‘அரசு ஊழியர்களே இல்லாமல் ஒரு நகரம்’ என்று கொண்டாடியவர்கள் பலர். ஆனால், 2019-ல் அதே நகர நிர்வாகம் கணக்குப் போட்டுப் பார்த்தது. பெரும்பாலான பணிகளை நேரடி ஊழியர்களைக் கொண்டு செய்தால், ஐந்து ஆண்டுகளில் 1.4 கோடி டாலர் மிச்சமாகும் என்று தெரிந்தது, அப்படியே மாற்றிக்கொண்டது. சொந்த நகர நிர்வாகம் இருந்ததால்தான் இந்தத் திருத்தம் இவ்வளவு எளிதாக முடிந்தது. தனி நகரத்தின் உண்மையான பலன் இதுதான்: தவறென்று தெரிந்தால், பக்கத்திலேயே இருக்கும் நிர்வாகத்தை உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம்.

அறிக்கையில் இல்லாத பக்கம்

2006-ல் ஜான்ஸ் கிரீக்கும் மில்டனும் நகரங்களாயின. பக்கத்து டிகால்ப் கவுண்டியில் 2008-ல் டன்வுடி, 2012-ல் புரூக்ஹேவன், 2016-ல் டக்கர், 2017-ல் ஸ்டோன்கிரெஸ்ட் எனத் தொடர்ந்தன. குவின்னெட் கவுண்டியின் பீச்ட்ரீ கார்னர்ஸ் 2012-ல் சிக்கனமான வழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. ஜார்ஜியா சட்டப்படி ஒரு நகரம் குறைந்தது மூன்று சேவைகளை வழங்கினால் போதும். நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல், கட்டட விதிகளின் கண்காணிப்பு, குப்பை அகற்றுதல் ஆகிய மூன்றோடு அது தொடங்கியது.

ஜார்ஜியாவில் நகரக் கோரிக்கை எழுந்தால், முதலில் சாத்தியக்கூறு ஆய்வு நடத்த வேண்டும். பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வு மையங்கள் இதைச் செய்கின்றன. அப்படியோர் அறிக்கையைப் பிரித்தால், ஒருபக்கம் வரவு: சொத்து வரி, விற்பனை வரியில் பங்கு, தொழில் உரிமக் கட்டணம், காப்பீட்டு பிரீமியத்தின் மீதான வரி, மதுபான வரி, சாலையோரம் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க மின்சார நிறுவனம் நகரத்துக்குச் செலுத்தும் கட்டணம். இன்னொரு பக்கம் செலவு: போலீஸ், பூங்கா, சாலை, அலுவலகச் சம்பளம். வரவு செலவைவிடக் கூடுதலாக இருந்தால், ‘நகரம் தாக்குப்பிடிக்கும்’ என்று முடிவு வரும். அந்த வரவுகளில் பல, நேற்றுவரை கவுண்டிக்குப் போய்க்கொண்டிருந்தவை. அவை போன பிறகு மீதிப் பகுதிகளின் போலீஸுக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் அந்த அறிக்கையின் மையக் கேள்விக்குள் வராத விஷயம்.

அட்லாண்டாவின் வடக்கே பெரிமீட்டர் சென்டர் என்ற வணிக வட்டாரம் இருக்கிறது. 1971-ல் திறக்கப்பட்ட பெரிமீட்டர் மாலைச் சுற்றி அலுவலகக் கோபுரங்கள் எழுந்த இடம் அது. சாண்டி ஸ்பிரிங்ஸ், டன்வுடி, புரூக்ஹேவன் என்று வரிசையாக நகரங்கள் அமைந்தபோது, அந்த வட்டாரம் மூன்றுக்குமாகப் பங்குபோனது. ஃபுல்டன், டிகால்ப் ஆகிய இரண்டு கவுண்டிகளுக்கும், கவுண்டி முழுவதற்குமான பொது வரிகள் மட்டும் மிஞ்சின. உள்ளூர்ச் சேவைகளுக்கென வசூலான வருமானம் புதிய நகரங்களின் கஜானாவுக்குப் போனது. டிகால்ப் கவுண்டியின் தெற்கில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் இப்படியொரு வணிக வட்டாரம் இல்லை. அங்கேயும் ரோடு பழுதாகிறது. அங்கேயும் அவசரத்துக்கு போலீஸ் வர வேண்டும். ஓய்வுபெற்ற கவுண்டி ஊழியர்களுக்கு ஓய்வூதியமும் கொடுத்தாக வேண்டும்.

மார்ட்டின் லூதர் கிங்கோடு தோள்கொடுத்து நின்ற சிவில் உரிமைத் தலைவர் ஜோசப் லோவரியும் வேறு சிலரும் 2011-ல் வழக்குத் தொடுத்தார்கள். புதிய நகரங்கள் சிறுபான்மையினரின் ஓட்டு பலத்தை நீர்த்துப்போகச் செய்கின்றன என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை, வழக்கு தள்ளுபடியானது.

தெற்கு ஃபுல்டன் மக்களின் மனமாற்றம் இந்த விவகாரத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2007-ல் தனி நகரம் வேண்டாம் என்று பெருவாரியாக ஓட்டுப்போட்டவர்கள், 2016-ல் வேண்டும் என்றார்கள். அதற்குள் கவுண்டியின் வடக்கு முழுவதும் நகரங்களாகியிருந்தது. சுற்றியுள்ள நகரங்கள் தெற்கின் நல்ல நல்ல துண்டுகளை இணைத்துக்கொள்ளும் அபாயமும் இருந்தது. 2017-ல் உருவான சவுத் ஃபுல்டன், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட, கறுப்பினத்தவர் பெரும்பான்மை நகரம். சுயாட்சி ஆசை எல்லா இனத்தவருக்கும் பொதுவானதுதான். ஆனால், மற்றவர்கள் போய்விட்டதால் நாமும் போயாக வேண்டும் என்ற நெருக்கடியில் எடுக்கும் முடிவை முழுச் சுதந்திரமான முடிவு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

‘வேண்டாம்’ என்ற காப் கவுண்டி

2022-ல் காற்று திசைமாறியது. அட்லாண்டாவின் வடமேற்கில் இருக்கும் காப் கவுண்டியில் ஒரே நேரத்தில் நான்கு நகரக் கோரிக்கைகள் எழுந்தன. மே 24 அன்று ஈஸ்ட் காப், லாஸ்ட் மவுண்டன், வைனிங்ஸ் மூன்றிலும் வாக்கெடுப்பு நடந்தது, மூன்றும் தோற்றன. ஈஸ்ட் காப்பில் 73 சதவிகிதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். ‘கவுண்டியின் போலீஸும் தீயணைப்பும் நன்றாகத்தானே இருக்கின்றன, எதற்கு இன்னொரு அரசாங்கம், இன்னொரு வரி?’ என்று கேட்டார்கள். நவம்பரில் மேபிள்டன் மட்டும் சுமார் 53 சதவிகித ஆதரவோடு நகரமானது. எதிர்த்து ஓட்டுப்போட்ட சில குடியிருப்புகள் உடனே, ‘எங்களை அந்த எல்லையிலிருந்து விடுவியுங்கள்’ என்று போராடத் தொடங்கின.

காப் கவுண்டி நிர்வாகம் தனக்கு ஏற்படும் வருவாய் இழப்பை முன்கூட்டியே கணக்கிட்டு வெளியிட்டது. வரி, போலீஸ், தீயணைப்பு பற்றியெல்லாம் பொதுவெளியில் விவாதம் நடந்தது. கணக்கு வழக்கு கைக்கு வந்தால் மக்கள் நிதானித்தே முடிவெடுப்பார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

கலிஃபோர்னியா போட்ட பூட்டு

கலிஃபோர்னியா எதிர்த்திசையில் போனது. 1963-லிருந்தே கவுண்டிதோறும் எல்லை ஆணையங்கள் அங்கே உண்டு. 1992-ல் இன்னொரு விதி சேர்ந்தது: புதிய நகரத்தால் கவுண்டிக்கு ஏற்படும் நிகர இழப்பை ஈடுகட்ட வேண்டும். நியாயமான விதிதான். ஆனால், இந்த விதியும் பின்னர் வந்த நிதி மாற்றங்களும் சேர்ந்து புதிய நகரங்களை அரிதாக்கின. 2011-ல் ஜுரூபா வேலி பிறந்த பிறகு, அடுத்த நகரமான மவுண்டன் ஹவுஸ் 2024 ஜூலையில்தான் வந்தது.

ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலிஸின் கதை இன்னும் வருத்தமானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் இடம். 1961-லும் 1974-லும் அங்கே நடந்த வாக்கெடுப்புகள் தோற்றன. 2012-ல் எல்லை ஆணையமே கோரிக்கையை நிராகரித்தது. நகரத்தை நடத்தப் போதுமான வருமானம் இல்லை என்பது காரணம். அதன் பக்கத்திலேயே தொழிற்சாலைகளும் ரயில் யார்டுகளும் நிறைந்த காமர்ஸ், 1960-லேயே தனி நகரமாகிவிட்டது. வரி தரும் நிலம் ஒரு பக்கமும், மனிதர்கள் மறுபக்கமுமாகப் பிரிந்தபின் மனிதர்களிடம், ‘உங்களிடம் வருமானம் இல்லை’ என்று சொல்வது கொடுமை.

நம்மவர்களுக்கு என்ன?

அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களான ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா, தெற்கு ஃபோர்சைத் ஆகியவற்றில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தெற்கு ஃபோர்சைத்தில் ஷாரன் ஸ்பிரிங்ஸ் என்ற நகரத்தை அமைக்க 2018-ல் வாக்கெடுப்பு நடந்தது. பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தும், சட்டம் நிர்ணயித்த 57.5 சதவிகிதத்தை எட்டாததால் தோற்றது. ‘நகரமானால் பிள்ளைகளின் பள்ளி மாறுமா?’ என்பது பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி. ஜார்ஜியாவில் மாறாது. புதிய தனிப் பள்ளி நிர்வாகங்கள் உருவாவதை மாநில அரசியலமைப்பு 1945-லேயே தடுத்துவிட்டது.

இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிரீன் கார்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் இந்தியக் குடும்பங்கள் வீடு வாங்குகின்றன, சொத்து வரி கட்டுகின்றன. குடியுரிமை இல்லாததால் வாக்கெடுப்பில் அவர்களுக்கு இடமில்லை. கோட்டுக்கு உள்ளே இருந்தும் கணக்கில் வராதவர்கள் அவர்கள். வெளியே விடப்பட்ட தெற்கு டிகால்ப் குடும்பத்தின் ஆதங்கம் அவர்களுக்கு நன்றாகவே புரியும்.

புறநகர்கள் நகரங்களாகட்டும் என்பதே என் கட்சி. ஒரு லட்சம் பேர் வாழும் இடத்துக்கு மேயர் இல்லாதிருப்பது ஜனநாயகத்துக்கு அழகில்லை. கவுண்டி முழுவதும் ஓட்டுப்போட்டால்தான் பிரியலாம் என்று விதித்தால், வருமானம் தரும் பகுதியைப் பெரும்பான்மை ஒருபோதும் விடாது; அதுவும் அநியாயம். ஆகவே, நான்கு மாற்றங்கள் வேண்டும். சாத்தியக்கூறு அறிக்கையில் புதிய நகரத்தின் கணக்கோடு, மிச்சமிருக்கும் கவுண்டியின் கணக்கும் கட்டாயம் இடம்பெற வேண்டும். இழப்புக்குச் சில ஆண்டுகளுக்கேனும் படிப்படியாகக் குறையும் ஈட்டுத்தொகையைப் புதிய நகரம் தர வேண்டும். கோடு போடும் வேலையைக் கோரிக்கை எழுப்பும் குழுவிடம் விடாமல், பக்கத்துப் பகுதி மக்களின் விசாரணையில் வைத்து இறுதிசெய்ய வேண்டும். ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற இடங்கள் நகரமாக விரும்பினால், தொடக்க கால நிதியை மாநிலமே கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பகுதி தனி நகரமாக விரும்பினால், அந்த விருப்பத்துக்கு முழு மரியாதை கொடுக்கலாம். பக்கத்து ஊரின் பங்கைத் தந்துவிட்டுப் பிரிகிறவர்களைச் சுயநலக்காரர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.