மண்டிக்காரரைப் பங்குதாரராகச் சேர்க்கலாமா?

கூட்டுறவுச் சங்கத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். பதிவாளரின் பிடிக்கு அஞ்சுகிறவர்கள் இப்போது போய் நிற்பது உற்பத்தியாளர் கம்பெனியில். ஒய்.கே.அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் நுழைந்த வடிவம் இது. 2020 திருத்தம் இதை 2013 சட்டத்தின் தனி அத்தியாயமாக்கியது. தொடங்கப் பத்து விவசாயிகள் போதும். உறுப்பினர்கள் தனிநபர்களாக இருக்கும்வரை, பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயிகள் ஒரு கம்பெனி தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் தட்டுப்பாடு பணம். ஊரில் பணம் புரட்டக்கூடியவர் மண்டிக்காரர். அவருக்கும் தோட்டம் உண்டு. “அண்ணனையும் பங்குல சேத்துக்கலாமுங்க” என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். கூடாது. கம்பெனியின் தொழிலோடு மோதுகிற தொழில் வைத்திருப்பவர் உறுப்பினராகவே முடியாது. சேர்ந்தபின் அப்படியொரு தொழிலில் இறங்கினாலும் உறுப்பினர் தகுதி போய்விடும். சரி, கடனாக வாங்கலாமே என்பீர்கள். வெளி ஆளிடம் வாங்கும் கடன், சட்டத்தின் கண்ணில் டெபாசிட் ஆகிவிடக்கூடும். ஆடிட்டரைக் கேட்காமல் கை நீட்ட வேண்டாம்.

அடுத்தது, பிடித்தம். உறுப்பினர் கொண்டுவரும் சரக்குக்கு இயக்குநர் குழு நிர்ணயிக்கும் தொகையை மட்டும் முதலில் கொடுத்து, மீதியை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த மீதியைப் பின்னால் ரொக்கமாகவோ பொருளாகவோ பங்காகவோ, அவரவர் கொடுத்த சரக்கின் அளவுக்கேற்பத் தரலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மண்டியில் கைமேல் காசு பார்த்துப் பழகியவருக்கு இது ‘பாக்கி வைத்துவிட்டார்கள்’ என்றுதான் படும். கசப்பு அங்கே தொடங்கும். குவிண்டாலுக்கு எவ்வளவு நிறுத்தலாம், எந்த மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதைக் கம்பெனியின் விதிகளிலேயே எழுதிவிடுங்கள். வேறு எங்கோ இறக்கிய மாதிரி விதிகளில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவதால் வரும் வினைகளில் இந்தக் கசப்பு முக்கியமானது. எடைச்சீட்டிலும் இரண்டு தொகைகள் தனித்தனியாக இருக்கட்டும்: கொடுத்தது, நிறுத்தியது.

உறுப்பினரான மூன்று மாதத்துக்குள் வாரிசு நியமனம் எழுதித்தர வேண்டும். அந்த வாரிசு உற்பத்தியாளர் இல்லையென்றால் பங்கை ஒப்படைக்கச் சொல்வார்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகன் பெயரை எழுதும்போது அப்பாவுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

பதிவு முடிந்து ஃபோட்டோ எடுத்துக்கொண்ட பிறகு எல்லோரும் மறப்பது வருடாந்தரத் தாக்கல். தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் விட்டுவிட்டால், இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. மானியம் வருமென்று கையெழுத்துப் போட்ட விவசாயிகள்தான் அந்த இயக்குநர்கள். ஆகவே இரண்டாம் ஆண்டு ஆடிட்டர் கூலியை முதலாண்டுச் செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கி வையுங்கள். இயக்குநரின் டிஜிட்டல் கையொப்பக் கருவி யாருடைய மேஜை டிராயரில் கிடக்கிறது என்றும் விசாரியுங்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தால், போய் வாங்கி வந்துவிடுங்கள்.