இணையத்தில் கடை: பட்டா யார் பெயரில்?



நாட்றம்பள்ளிப் பக்கம் நிலக்கடலை விதைப்பவர்கள் உண்டு, தென்னை வைத்திருப்பவர்களும் உண்டு. விளைந்ததை அப்படியே வியாபாரியிடம் போட்டுவிடாமல், செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கும் குடும்பங்களும் இருக்கின்றன. கிராமக் கூட்டங்களில் அவர்கள் என்னைக் கேட்பது இதுதான்: "சார், எங்க எண்ணெய்க்கு ஒரு வெப்சைட் வச்சா மெட்ராஸ்காரங்க நேரா வாங்குவாங்களா?"

சரக்கு நன்றாக இருந்தால் வாங்குவார்கள். ஆனால் வெப்சைட் வைக்குமுன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

இணையம் பட்டணத்துக்காரர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற விவரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மீனவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள். அங்கே வெளியுலகச் செய்தி கிராமத்துக்கு வந்தது. நாம் நம் கிராமத்துச் சரக்கை வெளியுலகுக்குக் காட்டப் போகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று பகுதிகள்

வெப்சைட் என்பது மூன்று பகுதிகள் சேர்ந்தது.

முதலாவது பெயர். இதை டொமைன் என்பார்கள். 'டாட் இன்', 'டாட் காம்' என்று முடியும் விலாசம் இது. இதை நிலத்தின் பட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வருஷா வருஷம் கிஸ்தி கட்ட வேண்டிய பட்டா. கிஸ்தி நின்றால் சில நாள் அவகாசம் கொடுப்பார்கள். அதுவும் தாண்டினால், அந்தப் பெயரை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இடம். இதற்கு ஹோஸ்டிங் என்று பெயர். உங்கள் படங்களும் எழுத்தும் இரவு பகல் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். அதற்கு வாடகை உண்டு.

மூன்றாவது பக்கங்கள். கடைக்குள் அடுக்கிய சரக்கு மாதிரி. வாடகை இடத்தை மாற்றலாம், பக்கங்களைத் திரும்ப எழுதலாம். பெயர் போனால் மட்டும் மீட்பது கடினம்.

ஒரு குழுவின் அனுபவம்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஊரில், பத்துப் பன்னிரண்டு விவசாயிகள் சேர்ந்து எண்ணெய் விற்றார்கள். தெரிந்த பையன் ஒருவன் வெப்சைட் போட்டுக் கொடுத்தான். நல்ல பையன்தான். அவசரத்தில் பெயரைத் தன் பேரிலும், தன் இ-மெயிலிலும் பதிந்துவிட்டான். குழுவும் அந்த விலாசத்தை ஆயிரக்கணக்கான லேபிள்களில் அச்சடித்துவிட்டது.

பையன் வேலை கிடைத்து வளைகுடா நாட்டுக்குப் போனான். கட்டணம் கட்டச் சொல்லி வந்த கடிதங்கள் அவன் பழைய இ-மெயிலுக்கே போயின. தவணை தாண்டியது. வேறு யாரோ பெயரை எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் கேட்டு விலாசத்தைத் தட்டியவர்களுக்கு, சம்பந்தமே இல்லாத விளம்பரம் வந்தது. "கடையை மூடிட்டீங்களா?" என்று பழைய வாடிக்கைக்காரர்கள் கேட்டார்களாம். அடுக்கி வைத்திருந்த லேபிள்கள் அத்தனையும் வீண். குழுவின் எண்ணெயில் ஒரு குறையும் இல்லை. பட்டா அவர்கள் பெயரில் இல்லாமல் போனதுதான் குறை.

ஆகவே செய்ய வேண்டியவை

ஒன்று, வேலையை யார் செய்தாலும் பெயரை உங்கள் பேரிலோ குழுவின் பேரிலோ பதியச் சொல்லுங்கள். இ-மெயிலும், ஓ.டி.பி. வரும் செல்போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இரண்டு, பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பட்டா, சிட்டாவோடு வையுங்கள். குழுவாக இருந்தால் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று, தவணைத் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். முதல் வருஷம் மலிவாகக் கொடுத்து, மறு வருஷம் கூடுதலாகக் கேட்பது இந்தத் தொழிலில் சகஜம். மறு வருஷக் கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு, அந்த விலாசத்தை லேபிளில் அச்சடிக்குமுன் மேலே சொன்ன மூன்றும் முடிந்ததா என்று பாருங்கள்.

பக்கத்தில் என்ன எழுதுவது?

ஊர், பெயர், செல்போன் நம்பர், எண்ணெய் வகை, அளவு, விலை, ஆட்டிய மாதம். இவ்வளவு போதும். காலை வெளிச்சத்தில் செக்கையும் கடலையையும் நீங்களே படம் எடுங்கள். பிறர் படத்தைப் போட வேண்டாம். சரக்கு தீர்ந்தால் "தீர்ந்தது" என்று அன்றைக்கே எழுதுங்கள். சர்க்கரை வியாதி போகும், மூட்டுவலி தீரும் என்றெல்லாம் எழுதாதீர்கள். அது சட்டப்படி தவறு.

அனுப்பும் கூலியையும் கணக்குப் பாருங்கள். ஒரு லிட்டர் அனுப்பினால் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். ஐந்து லிட்டருக்குக் குறையாமல் அனுப்புவது நல்லது.

சட்டமும் பணமும்

எண்ணெய் விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். பெங்களூர் பக்கம்தானே என்று கர்நாடகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். மாநில எல்லை தாண்டும் எண்ணெய்க்கு, விற்பனை கொஞ்சமானாலும் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. கணக்கு எழுதுபவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் அனுப்பறேன், பின் நம்பரைப் போடுங்க" என்று யாராவது சொன்னால் அவர் வாடிக்கைக்காரர் அல்ல, திருடர்.

எல்லோருக்கும் வெப்சைட் வேண்டுமா?

வேண்டியதில்லை. மாதம் இருபது முப்பது லிட்டர் அக்கம்பக்கத்திலேயே விற்றுப்போகிறது என்றால் வாட்ஸ்அப் போதும். கூகுள் மேப்பில் கடையைக் குறித்து வைப்பதற்கும் கட்டணம் கிடையாது. வெளியூரிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள் என்ற நிலை வந்த பிறகு வெப்சைட் வைத்தால் போட்ட பணம் வீணாகாது.

நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்காமல் நாம் முன்பணம் கொடுப்பதில்லை. இணையத்தில் பெயர் வாங்கும்போதும் அந்தக் கவனம் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால், வேலை செய்து கொடுத்தவரிடம் இன்றைக்கே கேளுங்கள்: "தம்பி, பேர் யார் பேர்ல இருக்குது?"