ஹுசைன் சாகர் கரையில் நிற்பவர்கள்

ஒரே ஏரியின் நடுவிலும் கரையிலுமாக ஒற்றைக்கல்லில் செதுக்கிய புத்தர், வரிசையாக நிற்கும் 33 வெண்கல உருவங்கள், 125 அடி உயர அம்பேத்கர், அகல்விளக்கின் வடிவிலான நினைவுச்சின்னம், பச்சைப் புடவை அணிந்த தாய் என்று ஏறத்தாழ 40 ஆண்டுக்குள் இத்தனை சிற்பங்கள் எழுந்த இடம் ஹைதராபாத்தின் ஹுசைன் சாகரைப் போல இந்தியாவில் வேறொன்று இருப்பது அரிது. கோயிற் சிற்பத்துக்கு ஆகமம் உண்டு; அதை நாடி வருபவர் எதைக் காணப்போகிறோம் என்று அறிந்தே வருகிறார். அருங்காட்சியகத்துச் சிற்பத்தையும் விரும்புகிறவரே சீட்டு வாங்கிப் பார்க்கிறார். தெருவில் நிற்கும் சிற்பமோ பேருந்துக்குக் காத்திருப்பவர், அலுவலகத்துக்கு விரைபவர், எதிர்க்கட்சிக்காரர் என எல்லோர் கண்ணிலும் அவர்களைக் கேளாமலேயே படுகிறது. ஆகவே அது யாருடைய நகரம், யாரை யார் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்னும் கேள்விகளுக்குப் பொதுவெளிச் சிற்பம் ஒவ்வொன்றும் விரும்பியோ விரும்பாமலோ ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது.

பழைய ஹைதராபாத்துக்கு இந்தப் பழக்கம் இல்லை. 1591-இல் சார்மினாரை எழுப்பிய குதுப் ஷாஹி மன்னர்களும் அவர்களுக்குப் பின் வந்த நிஜாம்களும் தங்கள் பெருமையை வளைவுகளிலும் மினார்களிலும் சுதைப்பூ வேலைப்பாட்டிலும் காட்டினார்களேயன்றி, நாற்சந்தியில் மனித உருவத்தை நிறுத்தும் வழக்கம் அங்கு வேரூன்றவில்லை. சென்னையின் வரலாறு வேறு. சேணமில்லாத குதிரைமீது அமர்ந்த தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலை 1839-லேயே அங்கு வந்துவிட்டது. ஆள்பவரின் சிலையைப் பார்த்துப் பழகிய அந்நகரம் விடுதலைக்குப் பிறகு அதே மொழியில் தன் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-இல் மெரினாவில் எழுந்தது. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. ஆகியோருடன் வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப் ஆகியோரும் கடற்கரையில் நிறுத்தப்பட்டார்கள். ஒரு மொழியின் வரலாற்றைக் காலாற நடந்தபடியே படிக்கலாம் என்பது அந்த வரிசைக்குப் பின்னிருந்த கருத்து.

அதே கருத்து 1986-இல் ஹைதராபாத்துக்கு வந்தது. அன்றைய முதல்வர் என்.டி. ராமாராவ், ஹைதராபாத்தையும் செகந்தராபாத்தையும் இணைக்கும் ஏரிக்கரைச் சாலையான டேங்க் பண்டில் தெலுங்குப் பெருமக்கள் 33 பேரின் வெண்கலச் சிலைகளை நிறுவச் செய்தார். மகாபாரதத்தைத் தெலுங்கில் தந்த நன்னயா, திக்கனா, எர்ராப்பிரகடா மூவரும் அங்கே உள்ளனர். வேமனா, போத்தனா, மொல்லா, அன்னமாச்சாரியார், க்ஷேத்ரய்யா ஆகியோரும் கிருஷ்ணதேவராயர், ருத்ரமாதேவி, குதுப் ஷாஹி வம்சத்தின் கடைசி மன்னரான தானீஷா, உருதுக் கவிஞர் மக்தூம் மொகிதீன் ஆகியோரும் உள்ளனர். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு இந்த வரிசை அந்நியமாகத் தோன்றாது. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரும் திருத்தணிப் பக்கம் பிறந்த ராதாகிருஷ்ணனும் அங்கே நிற்கிறார்கள். மெரினாவில் போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் கிடைத்த இடம், கோதாவரியில் அணை கட்டிய ஆர்தர் காட்டனுக்கு இங்கே கிடைத்திருக்கிறது.

ஆனால் மெரினாவின் வரிசைக்கு எழாத ஒரு கேள்வி இந்த வரிசைக்கு எழுந்தது. ஆந்திரக் கடலோர மாவட்டங்களையும் ராயலசீமையையும் பழைய நிஜாம் ஆட்சிப் பகுதியான தெலங்கானாவையும் 1956-இல் ஒன்றாக்கிய மாநிலத்தில், ‘தெலுங்கர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தெலங்கானாவின் கவிகளுக்கும் போராளிகளுக்கும் கிடைத்த பங்கு எவ்வளவு என்பதே அந்தக் கேள்வி. 33 பேரில் தம் மண்ணைச் சேர்ந்தவர் மிகச் சிலரே என்ற மனக்குறை கால் நூற்றாண்டு புகைந்துகொண்டிருந்தது. 2011 மார்ச் 10 அன்று தனி மாநிலம் கேட்டு டேங்க் பண்டில் திரண்ட ‘மில்லியன் மார்ச்’ கூட்டத்தில் ஒரு பகுதியினர் பல சிலைகளைப் பீடத்திலிருந்து பெயர்த்தார்கள்; சிலவற்றை ஏரியிலும் தள்ளினார்கள். தீண்டாமையை எதிர்த்துப் பாடிய குர்ரம் ஜாஷுவாவும் உழைப்பவரின் கவியான ஸ்ரீஸ்ரீயும் அன்று விழுந்தவர்களில் அடங்குவர் என்பதை நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. மனக்குறை உண்மையானது, அதன் அடி விழுந்ததோ அக்குறைக்குக் காரணமே இல்லாத கவிகள்மீது. சிலைகள் பின்னர் மீண்டும் வார்க்கப்பட்டு நிறுவப்பட்டன. மெரினாவும் இதை முற்றிலும் அறியாததன்று: 2001 டிசம்பரில் அகற்றப்பட்ட கண்ணகி, 2006-இல்தான் தன் பீடத்துக்குத் திரும்பினாள்.

அந்த மனக்குறைக்குச் சிற்பத்தின் மொழியிலேயே பதில் சொன்ன படைப்பு ஒன்று அதே நகரில், டேங்க் பண்ட் சிலைகளுக்கும் முன்பே எழுந்திருந்தது. சட்டமன்றத்துக்கு எதிரே கன் பார்க் என்னும் சிறு பூங்காவில், 1969 தெலங்கானா போராட்டத்தில் உயிர்நீத்தவர்களுக்காகச் சிற்பி எக்கா யாதகிரி ராவ் 1970-களில் அமைத்த தியாகிகள் ஸ்தூபம்தான் அது. ஸ்தூபம் என்ற சொல் பௌத்த மரபில் புனித எச்சங்களின்மீது எழுப்பும் குவிமாடத்தைக் குறித்தாலும் இங்கே அது ஓங்கி நிற்கும் நினைவுத்தூணையே குறிக்கிறது. அதில் மனித முகம் ஒன்றுகூட இல்லை. கருங்கல் அடிப்பீடத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் துப்பாக்கிக் குண்டுகளை நினைவூட்டும் ஒன்பது சிறு வடிவங்கள் உள்ளன. அதற்குமேல் சாஞ்சியை நினைவுபடுத்தும் மகர தோரணம், அதாவது மகரம் என்னும் கற்பனை நீர்விலங்கின் வாயிலிருந்து புறப்படும் வளைவு அமைந்திருக்கிறது. நடுவில் எழும் தூணை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்பது கோடுகள் தெரிகின்றன. உச்சியில் அசோகரின் தர்மச்சக்கரமும், அதற்கும் மேலே ஒன்பது இதழ்கொண்ட வெண்மலரும் இருக்கின்றன.

ஒன்பது என்பது அன்றைய தெலங்கானாவின் மாவட்டங்களின் எண்ணிக்கை. ரங்காரெட்டி மாவட்டம் பிரிந்து அது பத்தானது 1978-இல்தான். எனவே அந்த எண் ஒரு வரைபடமாகவும் ஒரு காலக்குறிப்பாகவும் கல்லில் தங்கிவிட்டது. பீடத்தில் குண்டாக இருந்த ஒன்பது, தூணில் கோடாகி, உச்சியில் இதழாக மலர்வதைக் கண் கீழிருந்து மேலே ஏறும்போது தானாகவே கண்டுகொள்கிறது; விளக்கப் பலகை எதுவும் தேவைப்படுவதில்லை. இறந்தவர் ஒருவரின் முகத்தைச் செதுக்கியிருந்தால் மற்றவர்கள் விடுபட்டிருப்பார்கள். எண்ணைச் செதுக்கியதால் எவரும் விடுபடவில்லை. ஹைதராபாத்தின் பொதுவெளிச் சிற்பங்களில் கருத்தும் வடிவமும் இவ்வளவு நெருங்கிக் கலந்தது இது ஒன்றுதான் என்று துணிந்து சொல்லலாம்.

ஏரி நடுவே நிற்கும் புத்தரின் கதை கல்லிலிருந்து தொடங்குகிறது. ஹைதராபாத் நிற்கும் நிலம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையான கருங்கற்பாறை நிலம். வெயிலும் மழையும் பாறையை அரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற்போன்ற உருண்டைக் குன்றுகளை நகரைச் சுற்றிலும் இன்றும் காணலாம். அந்தப் பாறைகள் வீடுகளுக்காக உடைபடுவதைத் தடுக்கவென்றே ஒரு சங்கம் 1996 முதல் இயங்கிவருகிறது. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையைக் கண்டு தம் தலைநகருக்கும் அப்படியொன்று வேண்டும் என்று விரும்பிய ராமாராவ், அமராவதியும் நாகார்ஜுனகொண்டாவும் இருந்த மண்ணுக்குப் புத்தரே பொருத்தமானவர் என்று முடிவு செய்தார். புவனகிரிக்கு அருகே ராயகிரியில் குறையற்ற வெண்ணிறக் கருங்கல் கிடைத்தது. எஸ்.எம். கணபதி ஸ்தபதியின் தலைமையில் 1985 முதல் சிற்பிகள் அதைச் செதுக்கினார்கள்.

ஒற்றைக்கல் சிற்பம் என்பது ஒட்டும் இணைப்பும் இல்லாமல் ஒரே கல்லிலிருந்து வேண்டாததை நீக்கி உருவத்தை வெளிக்கொணர்வது. மெழுகிலோ மண்ணிலோ வேலை செய்பவர் தவறினால் திருத்திக்கொள்ளலாம். கல்லில் உளி ஒருமுறை ஆழமாகப் பாய்ந்துவிட்டால் மூக்கு போய்விடும், மூக்கோடு அத்தனை ஆண்டு உழைப்பும் போய்விடும். ஏறத்தாழ 58 அடி உயரமும் 300 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட இந்த உருவம், உயர்த்திய வலக்கையின் உள்ளங்கையைப் பார்ப்பவர் பக்கம் காட்டி நிற்கிறது. அபய முத்திரை எனப்படும் அக்கைக்குறியின் பொருள் ‘அஞ்சாதே’ என்பதாகும்.

செதுக்கியதைவிட ஏரிக்குள் கொண்டுபோனதே பெரும் சோதனையாயிற்று. பல சக்கரங்கள் கொண்ட தனி வண்டியில் நகரம் வந்துசேர்ந்த சிலையை 1990 மார்ச் 10 அன்று மிதவைக் கலத்தில் ஏற்றி ஏரியின் நடுவே கொண்டுசென்றபோது, கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கலம் சாய்ந்தது. சிலை நீருக்குள் மூழ்கியது. பணியாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். அதே மார்ச் 10-இல், 21 ஆண்டு கழித்து, அதே ஏரிக்குள் டேங்க் பண்டின் வெண்கலக் கவிகள் விழப்போவதை அன்று எவரும் அறிந்திருக்க முடியாது. இரண்டரை ஆண்டுக்கு மேல் ஏரியடியில் படுத்திருந்த புத்தர் 1992 டிசம்பர் 1 அன்று பழுதின்றி மீட்கப்பட்டு இன்றைய மேடையில் நிறுத்தப்பட்டார். 2006-இல் தலாய் லாமா அங்கு வந்து சடங்குகள் செய்தார். படகில் சென்று அச்சிலையைப் பார்ப்பவர்கள் மூழ்கி மாண்ட அந்தத் தொழிலாளர்களையும் ஒரு கணம் நினைக்க வேண்டும். அஞ்சாதே என்னும் அந்தக் கைக்குக் கீழேதான் அவர்களின் உயிர் போயிற்று.

தமிழ் வாசகர்கள் பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு செய்தியை இங்கே தெளிவுபடுத்திவிடலாம். ஹைதராபாத் புத்தரைப் படைத்தவரும் கன்னியாகுமரி வள்ளுவரைப் படைத்தவரும் ஒருவரல்லர். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவரை வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. அங்கும் எண்ணே கருத்தைச் சுமக்கிறது: 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், அதன்மேல் நிற்கும் 95 அடி உருவம் பொருட்பால், இன்பத்துப்பால் இரண்டின் அதிகாரங்களையும் குறிக்கின்றன. பொருளும் இன்பமும் அறத்தின்மீதே நிற்க வேண்டும் என்பதைக் கட்டுமான அளவாகவே மாற்றிய அந்தச் சிந்தனை யாதகிரி ராவின் ஒன்பதுக்கு நெருங்கிய உறவு.

கல்லிலிருந்து உலோகத்துக்கு மாறியதும் உயரத்துக்கு வரம்பில்லாமல் போயிற்று. சிற்பி முதலில் சிறு மாதிரி ஒன்றை வனைகிறார். அது கணினியின் உதவியோடு பெரிதாக்கப்பட்டுத் துண்டு துண்டாக வார்க்கப்படுகிறது. பின்னர் உள்ளே எழுப்பிய எஃகுச் சட்டகத்தின்மேல் வெண்கலத் தகடுகள் தோல்போலப் போர்த்தப்படுகின்றன. ராம் வி. சுதார் வடிவமைத்து 2023 ஏப்ரல் 14 அன்று தலைமைச் செயலகத்துக்கு அருகே திறக்கப்பட்ட அம்பேத்கர் சிலை அவ்வாறு 300 டன்னுக்கு மேற்பட்ட எஃகும் ஏறத்தாழ 100 டன் வெண்கலமும் கொண்டு ஆனது. அதன் 125 அடி, 2016-இல் நிறைவான அவருடைய 125-ஆம் பிறந்த ஆண்டை நினைவூட்டுகிறது. 50 அடிப் பீடம் நாடாளுமன்றக் கட்டடத்தின் வடிவில் உள்ளது. அரசமைப்பை எழுதியவர் அந்த அவையின் உச்சியில் நிற்பது பொருத்தமான கற்பனைதான். ஆயினும், சிற்றூர்ச் சேரிகளின் முகப்பில் மக்கள் காசு சேர்த்து நிறுத்திய நீலக் கோட்டு அம்பேத்கர், எட்டித் தொடக்கூடிய உயரத்தில் மாலை ஏற்றுக்கொள்ளும் அந்தச் சிலை தரும் நெருக்கத்தை இந்த உயரம் தர இயலாது.

இதே எண்ணம் ஷம்ஷாபாத்துக்கு அருகே முச்சிந்தலில் 2022 பிப்ரவரி 5 அன்று திறக்கப்பட்ட ‘சமத்துவச் சிலை’யைப் பார்க்கும்போதும் தோன்றுகிறது. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜருக்குப் பீடத்தோடு சேர்த்து 216 அடியில் எழுந்த ஐம்பொன் உருவம் அது. சீனாவில் வார்த்துத் துண்டுகளாகக் கொண்டுவந்து இணைத்தார்கள். சுற்றிலும் 108 திவ்யதேசங்களின் சன்னிதிகள் இருப்பதால் 108-இன் இருமடங்கான உயரம் தற்செயலன்று. ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலிலோ அவர் தாமே தழுவி உகந்ததாக வைணவர் போற்றும் திருமேனி இருக்கிறது. தானுகந்த திருமேனி என்ற அந்தப் பெயரே ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளும் அளவைச் சொல்கிறது. சாதி பாராமல் மனிதரை அணைத்தவரின் நினைவுக்கு எது கூடுதலாகப் பொருந்தும் என்பதை இரண்டையும் கண்டவர் எளிதில் உணர்வார்.

அம்பேத்கர் சிலை திறந்த அதே ஆண்டு ஜூன் 22 அன்று ஏரிக்கரையில் திறக்கப்பட்ட அமர தீபம், தெலங்கானா தியாகிகளுக்காக எழுந்த இரண்டாம் நினைவுச்சின்னம். இணைப்புத் தெரியாத துருப்பிடிக்கா எஃகில் பிரம்மாண்டமான அகல்விளக்காக அமைந்த அதன் பளபளப்பான மேனியில், வானமும் போக்குவரத்தும் பார்ப்பவரின் உருவமும் வளைந்து தெரிகின்றன.

கடைசியாக வந்தவள் தெலங்கானா தல்லி. தல்லி என்றால் தாய். தமிழ்த்தாயைப் போலவே தெலுங்குத் தாய்க்கும் சிலை உண்டு. தனி மாநில இயக்கம் அதற்கு மாற்றாகத் தன் தாயை உருவாக்கியபோது அவளுக்கும் மகுடமும் அணிகலன்களும் சூட்டியது, கையில் பதுகம்மா என்னும் பூக்கோபுரத்தைக் கொடுத்தது. 2024 டிசம்பர் 9 அன்று தலைமைச் செயலக வளாகத்தில் திறக்கப்பட்ட புதிய சிலையில் மகுடம் இல்லை. அவள் பச்சைப் புடவையும் எளிய நகையும் அணிந்த உழவர் வீட்டுப் பெண். இடக்கையில் நெல், சோளம், கம்பு, மக்காச்சோளக் கதிர்களை ஏந்தியிருக்கிறாள். வலக்கை, ஏரியின் நடுவே நிற்கும் புத்தரின் கையைப் போலவே அபய முத்திரை காட்டுகிறது. தனி மாநிலம் அமைக்கும் பணி தொடங்கும் என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் 2009-இல் அறிவித்த நாளே திறப்பு நாளாக அமைந்தது. தாயின் மகுடத்தை இறக்கியது நல்ல முடிவு என்று பலர் வரவேற்றார்கள்; கையிலிருந்த பதுகம்மா எங்கே என்று எதிர்க்கட்சியினரும் பெண்கள் பலரும் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியின் கனம் பதுகம்மாவைக் கண்டவர்க்கே விளங்கும். தமிழ்நாட்டில் ஆவாரை எனப்படும் தங்கேடு, குனுகு, சாமந்தி ஆகிய பூக்களைத் தாம்பாளத்தில் வட்ட வட்டமாக அடுக்கி, மேலே போகப் போகக் குறுகும் கோபுரம்போலப் பெண்கள் தம் கையால் எழுப்பும் உருவம் அது. ஒன்பது நாள் திருவிழாவில் அதை நடுவில் வைத்துச் சுற்றிவந்து கைதட்டிப் பாடுவார்கள். கடைசி நாளான சத்துல பதுகம்மா அன்று மாலை, டேங்க் பண்டின் வெண்கலக் கவிகள் வரிசையாக நிற்கும் சாலையில் தட்டுகளைத் தலையில் சுமந்தபடி ஆயிரக்கணக்கான பெண்கள் வருகிறார்கள். இருட்டியபின் ஒவ்வொன்றாக நீரில் விடப்படும் பூக்கோபுரங்கள் புத்தர் நிற்கும் திசையில் மெல்ல நகர, ஆவாரம்பூவின் மஞ்சள் இதழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்று ஹுசைன் சாகரில் பரவுகின்றன.