தனியார் இடத்தில் பார்க்கிங் அபராதம்: பயந்து கட்டவும் வேண்டாம், படிக்காமல் போடவும் வேண்டாம்



சூப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி, ரீடெய்ல் பார்க் போன்ற இடங்களில் காரை நிறுத்திய சில நாட்களில் வீட்டுக்கு வரும் அபராதக் கடிதம் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழக்கமாகிவிட்டது. 100 பவுண்டு கட்ட வேண்டும், 14 நாட்களுக்குள் கட்டினால் 60 பவுண்டு போதும் என்று அதில் இருக்கும்.

இந்தக் கடிதத்தோடு நம் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் இரண்டு வகையினரைப் பார்க்கிறோம். சிலர் போலீஸ், கோர்ட் என்று பயந்து, அந்த வாரத்து மளிகைப் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டு, பிறகு வந்து விவரம் கேட்கிறார்கள். வேறு சிலர் "தனியார் கம்பெனிதானே, என்ன செய்துவிட முடியும்?" என்று டிராயரில் போட்டுவிட்டு, கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு ஓடி வருகிறார்கள். இரண்டுமே நஷ்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள சட்டப்படி என்ன செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறோம்.

அனுப்பியது யார்?

முதலில் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். கவுன்சில் அனுப்புவது "பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்". அது சட்டப்படியான அபராதம். அதற்கு முறையிடும் வழி வேறு. தனியார் நிறுவனம் அனுப்புவது "பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்". இரண்டையும் சுருக்கினால் பி.சி.என். என்றே வரும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

தனியார் கடிதம் அபராதம் அல்ல, ஒரு பில். "பலகையில் எழுதியிருந்த நிபந்தனையை ஏற்றுத்தான் நிறுத்தினீர்கள், பிறகு அதை மீறினீர்கள்" என்பதே அவர்கள் வாதம். இது குற்றம் அல்ல, போலீஸுக்கும் இதில் வேலை இல்லை. தனியார் இடத்தில் காரின் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதையும் 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துவிட்டது.

ஆனால் பில் என்பதால் அலட்சியம் செய்யவும் கூடாது. செம்ஸ்ஃபோர்டில் 2 மணி நேரம் இலவசமாக நிறுத்தும் இடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற ஒருவர், 85 பவுண்டு கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று. அப்படியானால் பலகை மறைந்தோ மங்கியோ எழுத்து மிகச் சிறியதாகவோ இருந்தால், உங்கள் வாதத்துக்கு வலு உண்டு.

எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

*தேதி.* காரை ஓட்டியவர் யார் என்று நிறுவனத்துக்குத் தெரியாதபோது, லாக் புக்கில் பெயர் உள்ளவரிடம் பணம் கேட்க அந்தச் சட்டம் வழி தருகிறது. அதற்குக் கெடு உண்டு. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கேமரா பதிவை மட்டும் வைத்து அனுப்பினால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாட்களுக்குள் கடிதம் வந்து சேர வேண்டும். மார்ச் 1 அன்று நிறுத்திய காருக்கு மார்ச் 15தான் கடைசி நாள். தபாலில் போட்ட கடிதம் இரண்டாவது வேலை நாளில் வந்து சேர்ந்ததாகக் கொள்ளப்படும். ஆகவே உறையையும் பத்திரப்படுத்துங்கள். கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால், தபால் கடிதம் 29ஆம் நாளிலிருந்து 56ஆம் நாளுக்குள் வர வேண்டும்.

*நேரம்.* பார்க்கிங் நிறுவனங்களுக்கான பொது நடத்தை விதிகள் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, அனுமதித்த நேரம் முடிந்த பிறகு வெளியேற 10 நிமிட அவகாசம் உண்டு. உள்ளே நுழைந்து பலகையைப் படித்து முடிவு செய்ய, பொதுவாகக் குறைந்தது 5 நிமிடம் தர வேண்டும். கேமரா காட்டுவது நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும்தான், நிறுத்திய நேரம் அல்ல. இடம் தேடிச் சுற்றிய நிமிடங்களும் அதில் சேர்ந்திருக்கும்.

*பணம் கட்டிய விவரம்.* கார் எண்ணில் ஓர் எழுத்து தவறிவிட்டதா? பணம் கட்டிய ரசீதையோ வங்கிக் கணக்கின் நகலையோ காட்டினால், சிறு பிழைக்கான கட்டணத்தை ரத்து செய்ய வேண்டும் என்பது அதே விதி.

*உடல்நிலை.* முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் காரில் ஏறி இறங்க அதிக நேரம் எடுக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான சலுகை தர வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சொல்கிறது. அதை எழுதுங்கள்.

எப்படி முறையிடுவது?

கடைக்குப் போய்வந்தபோது வந்த நோட்டீஸ் என்றால், ரசீதோடு கடை மேலாளரைப் பாருங்கள். அவர் சொன்னாலே நிறுவனம் ரத்து செய்வதுண்டு. அது நடக்காவிட்டால், நிறுவனத்துக்கு 28 நாட்களுக்குள் எழுத்தில் முறையிடுங்கள். போனில் பேசினால் ஆதாரம் இருக்காது. பலகையின் படம், ரசீது, மருத்துவக் கடிதம் எது இருந்தாலும் இணையுங்கள்.

கடிதத்தில் "நான் நிறுத்தினேன்" என்று எழுதினால், ஓட்டியவர் நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தேதிக் கெடுவால் கிடைக்கும் பாதுகாப்பும் போய்விடும். "நான் வாகனத்தின் பதிவு உரிமையாளர். வாகனம் அங்கே நிறுத்தப்பட்டிருந்தது" என்று எழுதலாம். ஓட்டியவர் பெயரைச் சொல்ல இந்தச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

நிறுவனம் மறுத்தால், அந்த மறுப்புக் கடிதத்திலேயே அடுத்த வழி இருக்கும். பிரிட்டிஷ் பார்க்கிங் சங்கத்தின் உறுப்பினர் என்றால் பாப்லா என்ற அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் இல்லை. இன்னொரு சங்கமான ஐ.பி.சி.யின் உறுப்பினர் என்றால் ஐ.ஏ.எஸ். என்ற அமைப்புக்குப் போக வேண்டும். பாப்லா உங்களுக்குச் சாதகமாக முடிவு செய்தால் நிறுவனம் அதை ஏற்றே ஆக வேண்டும். பாதகமாக முடிந்தால் தள்ளுபடி கிடைக்காது, முழுத் தொகையையும் கேட்பார்கள். வாதத்தில் வலு இருக்கிறதா என்று பார்த்துப் போங்கள்.

கடன் வசூல் கடிதமும் கோர்ட் கடிதமும்

கடன் வசூல் நிறுவனம் 170 பவுண்டு என்று ஏற்றிக் கடிதம் அனுப்பலாம். அவர்கள் ஜப்தி அதிகாரிகள் அல்லர். வீட்டுக்குள் நுழையவோ பொருளை எடுக்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

"லெட்டர் பிஃபோர் கிளெய்ம்" வந்தால் நிலைமை வேறு. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கவுண்டி கோர்ட்டின் கிளெய்ம் ஃபார்ம் வந்துவிட்டால், அது கிடைத்ததிலிருந்து 14 நாட்களுக்குள் கோர்ட்டுக்குப் பதில் போக வேண்டும். பெற்றுக்கொண்டதை அந்தக் கெடுவுக்குள் தெரிவித்துவிட்டால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும். பதிலே போகாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு எழுதப்படும். ஒரு மாதத்துக்குள் முழுப் பணமும் கட்டினால் அது பதிவிலிருந்து நீக்கப்படும். இல்லையேல் 6 ஆண்டுகள் நிற்கும். வாடகை வீடு, வீட்டுக்கான நிதி உதவி, போன் ஒப்பந்தம் எல்லாவற்றிலும் அது குறுக்கே வரும்.

வீடு மாறியதும் லாக் புக்கில் முகவரியை மாற்ற மறந்தவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். கடிதமெல்லாம் பழைய வீட்டுக்குப் போகும். தீர்ப்பு மட்டும் இவர்கள் பெயரில் நிற்கும். டி.வி.எல்.ஏ.யில் முகவரியை மாற்றக் கட்டணம் இல்லை. இன்றே பாருங்கள்.

மார்க்கம் சொல்வது

செய்துகொண்ட உடன்படிக்கையை நிறைவேற்றும்படி நம் மார்க்கம் கட்டளையிடுகிறது. தெளிவாக எழுதிய நிபந்தனையும் அதில் அடங்கும். "வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்ற பலகையைப் பார்த்த பிறகும் ஜும்ஆவுக்காக அங்கே காரை விட்டுச் செல்வது நமக்கு அழகல்ல. தொழுகைக்குப் போனோம் என்பது அடுத்தவர் இடத்தை எடுத்துக்கொள்ள அனுமதியாகாது.

அதேபோல, முறையீட்டில் பொய் கூடாது. ஓட்டியவர் பெயரைச் சொல்லாமல் இருப்பது சட்டம் தந்த உரிமை. ஓட்டாத ஒருவர் பெயரைச் சொல்வது பொய். இல்லாத நோயை எழுதுவதும் பொய்தான். தவறு நம்முடையது என்று தெரிந்தால் தள்ளுபடிக் காலத்திலேயே கட்டிவிடுவது நல்லது. தவறு அவர்களுடையது என்றால் உழைத்த காசை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நியாயத்தைக் கேட்பதில் வெட்கமும் இல்லை.

கடிதம் எழுதத் தெரியவில்லை, ஆங்கிலம் புரியவில்லை என்பவர்கள், கடிதம் வந்த அதே வாரத்தில் உறையோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பதில் எழுதுவோம். வல்ல அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.