ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குவிதி 261/2004

ஒழுங்குவிதி 261/2004 என்பது விமானம் தாமதமானாலோ, இரத்து செய்யப்பட்டாலோ, பயணச்சீட்டு இருந்தும் பயணி ஏற்றிக்கொள்ளப்படாவிட்டாலோ அவருக்கு உள்ள உரிமைகளை வரையறுக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஆகும். இது 2004 பெப்ரவரி 11 அன்று இயற்றப்பட்டு, 2005 பெப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன்னிருந்த 1991ஆம் ஆண்டு விதி, இருக்கைகளின் எண்ணிக்கையை விடக் கூடுதலாகச் சீட்டு விற்பதால் இடம் கிடைக்காமல் போனவர்களை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது.

யாருக்குப் பொருந்தும்

பயணியின் குடியுரிமை இங்கு பொருட்டல்ல. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இவ்விதி பொருந்தும். வெளிநாட்டிலிருந்து ஒன்றியத்துக்கு வரும் விமானமாயின், அதை இயக்குவது ஒன்றியத்தைச் சேர்ந்த நிறுவனமாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவில் செல்பவருக்கு இவ்வுரிமை உண்டு. துபாய் வழியாக எமிரேட்சில் செல்பவருக்கு இல்லை. ஆனால் அவரே பிராங்க்ஃபர்ட்டிலிருந்து எமிரேட்சில் திரும்பும்போது உரிமை பெறுகிறார். நார்வே, ஐசுலாந்து, சுவிட்சர்லாந்து ஆகியவையும் இவ்விதியைப் பின்பற்றுகின்றன. ஒன்றியத்தை விட்டு விலகிய பின் ஐக்கிய இராச்சியம் இதையே தன் சட்டமாக வைத்துக்கொண்டு, தொகைகளை மட்டும் பவுண்டில் மாற்றியமைத்தது.

இழப்பீட்டுத் தொகை

தொகை பயணத் தூரத்தைப் பொறுத்தது. சீட்டின் விலையைப் பொறுத்ததன்று. 1500 கி.மீ. வரை 250 யூரோ. அதற்கு மேல் 3500 கி.மீ. வரையிலும், ஒன்றியத்துக்குள்ளேயே 1500 கி.மீ.க்கு மேற்பட்ட எல்லாப் பயணங்களுக்கும் 400 யூரோ. ஏனைய நெடும்பயணங்களுக்கு 600 யூரோ. இவற்றில் தாமதம் நான்கு மணி நேரத்துக்குள் இருந்தால் நிறுவனம் பாதியாகக் குறைக்கலாம். 30 யூரோவுக்குச் சீட்டு வாங்கியவர் 250 யூரோ பெறுவது இதனால் நிகழக்கூடியதே. மலிவுக் கட்டண நிறுவனங்கள் இதனை எதிர்த்து வழக்காடின. 2006 சனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் விதி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தொகையைப் பணமாகவே வழங்க வேண்டும். பயணி எழுத்து மூலம் இசைந்தால் மட்டுமே பற்றுச்சீட்டு தரலாம்.

தாமதத்துக்கான இழப்பீடு

விதியைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். தாமதம் பற்றிய பிரிவில் இழப்பீடு என்ற சொல்லே இல்லை. காத்திருக்கும் நேரத்தில் உணவு, இரு தொலைபேசி அழைப்புகள், இரவு தங்க நேர்ந்தால் விடுதி ஆகியவையும், ஐந்து மணி நேரம் கடந்தால் பயணத்தைக் கைவிட்டுக் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் மட்டுமே அங்கு உள்ளன. இன்று தாமதத்துக்குப் பணம் கிடைப்பது நீதிமன்றத்தின் விளக்கத்தால் ஆகும். டொராண்டோவிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்குக் காண்டோர் நிறுவன விமானத்தில் ஏறிய ஒரு குடும்பம் ஏறக்குறைய 25 மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. நிறுவனம் இதை இரத்து அன்று, தாமதமே என வாதிட்டது. விமானம் இரத்தானவரும் பல மணி நேரம் தாமதமானவரும் இழப்பது ஒரே பொருளை, அதாவது நேரத்தை; எனவே இருவரையும் வேறாக நடத்துவது சமத்துவத்துக்கு முரண் என்று 2009 நவம்பர் 19 அன்று நீதிமன்றம் கூறியது. சேருமிடத்தை மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாக அடைந்தால் இழப்பீடு உண்டு என்ற வரம்பு இவ்வாறு உருவானது. 2012இல் நீதிமன்றத்தின் பேராயம் இதை உறுதி செய்தது.

மூன்று மணி நேரம் எப்போது முடிகிறது என்பதும் வழக்காயிற்று. சால்சுபர்க்கிலிருந்து கோல்ன்-பொன் சென்ற செர்மன்விங்சு விமானம் ஒன்று ஓடுபாதையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்தை அடைந்தபோது 3 மணி 3 நிமிடம். விமானத்தின் கதவுகளுள் ஒன்று திறக்கப்படும் வேளையே வந்து சேர்ந்த நேரம் என 2014இல் முடிவு செய்யப்பட்டது. கதவு மூடியிருக்கும் வரை பயணி தன் வேலையைப் பார்க்க இயலாது என்பதே காரணம். ஒரே பதிவில் தொடர் விமானங்கள் இருந்தால் இறுதிச் சேருமிடத்துத் தாமதமே கணக்கில் கொள்ளப்படும்.

விலக்குகள்

எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தும் தவிர்க்க இயலாத அசாதாரணச் சூழ்நிலையால் தாமதம் ஏற்பட்டது என நிறுவனம் மெய்ப்பித்தால் இழப்பீடு தர வேண்டியதில்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. கடும் வானிலை, வான்வெளி மூடல், பறவை மோதல் ஆகியன இவ்வகையின. இயந்திரக் கோளாறு பெரும்பாலும் இவ்வகையில் சேராது. விமானம் பழுதடைவது அத்தொழிலின் இயல்பான பகுதி என்று அலித்தாலியா வழக்கில் (2008) கூறப்பட்டது. நிறுவனத்தின் சொந்த ஊழியர் நடத்தும் வேலைநிறுத்தமும் அவ்வாறே (2021). விலக்கு கிடைத்தாலும் உணவும் விடுதியும் அளிக்கும் கடமை நீங்காது. 2010இல் ஐசுலாந்து எரிமலைச் சாம்பலால் வான்வெளி மூடப்பட்ட நாட்களுக்கும் இது பொருந்தும் என 2013இல் தீர்ப்பானது.

கோரும் முறை

முதலில் விமானத்தை இயக்கிய நிறுவனத்திடமே எழுத்து மூலம் கேட்க வேண்டும். சீட்டு விற்ற முகவரிடம் அன்று. மறுத்தால் அந்நாட்டின் மேற்பார்வை அமைப்பையோ நீதிமன்றத்தையோ அணுகலாம். கால வரம்பு நாட்டுக்கு நாடு வேறுபடும்: செருமனியில் 3 ஆண்டுகள், இங்கிலாந்தில் 6 ஆண்டுகள்.

திருத்த முயற்சிகள்

விதியைத் திருத்த ஐரோப்பிய ஆணையம் 2013இல் ஒரு முன்மொழிவை வைத்தது. அது பல ஆண்டுகள் அசையாமல் கிடந்தது. 2025 சூனில் உறுப்பு நாடுகளின் போக்குவரத்து அமைச்சர்கள், மூன்று மணி நேர வரம்பைத் தூரத்துக்கு ஏற்ப நான்கு, ஆறு மணி நேரமாக உயர்த்தும் நிலைப்பாட்டை எடுத்தனர். தாமதங்களுள் பெரும் பகுதி இம்மணி நேரங்களுக்கு இடையில் முடிந்துவிடுவதால், நுகர்வோர் அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன.