சிரிக்க வைக்கும் ரோமாபுரித் துப்பறிவாளன்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன பேரரசர்களும் போர்களும் ஆண்டுகளுமே. வீட்டு வாடகை கொடுக்க வழியின்றித் தவித்தவன் அக்காலத்தில் எப்படி வாழ்ந்தான் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. அக்குறையை நகைச்சுவையோடு தீர்த்து வைக்கிறது, ஆங்கில எழுத்தாளர் லிண்ட்சே டேவிஸ் 1989-இல் வெளியிட்ட 'தி சில்வர் பிக்ஸ்' என்னும் துப்பறியும் புதினம்.

கதை நிகழும் காலம் கி.பி. 70. அதற்கு முந்திய ஒரே ஆண்டில் ரோமாபுரி நான்கு பேரரசர்களைக் கண்டது. நான்காமவரான வெஸ்பாசியனுக்குக் கிடைத்ததோ காலிக் கருவூலம். கதைநாயகன் ஃபால்கோவின் நிலையும் அதுவே! அவென்டைன் குன்றில், ஆறாவது மாடியில் அவன் குடியிருப்பு. கீழே ஒரு சலவைக்கூடம்.

தலைப்பிலுள்ள 'பிக்' பன்றியன்று, உலோகப் பாளம். பிரிட்டனின் ஈயத் தாதில் சிறிதளவு வெள்ளியும் கலந்திருக்கும். அவ்வீயத்தை உருக்கிக் காற்றைச் செலுத்தினால் ஈயம் ஆக்சைடாக மாறிப் பிரிந்துவிடும்; வெள்ளி எஞ்சி நிற்கும். இதுவே நாம் படிக்கும் புடமிடும் முறை. வெஸ்பாசியன் பெயர் பொறித்த ஈயப் பாளங்கள் இங்கிலாந்தில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அத்தகைய பாளங்கள் திருடுபோவதில்தான் கதையின் மர்மம் இருக்கிறது. துப்பறிய வந்த ஃபால்கோ, அடிமை வேடத்தில் சுரங்கத்தில் கல் உடைக்க நேரிடுகிறது.

நகைச்சுவைக்கு வரலாறே வாரி வழங்குகிறது. அன்றைய சலவைத் தொழிலாளர் துணியின் அழுக்கைப் போக்கச் சிறுநீரைப் பயன்படுத்தினர். அதிலுண்டாகும் அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும். வெஸ்பாசியன் அதற்கும் வரி விதித்தார்! மகன் டைட்டஸ் முகஞ்சுளிக்க, தந்தை ஒரு நாணயத்தை அவன் மூக்கருகே நீட்டி, நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டாராம். இதனை எழுதி வைத்தவர் சூட்டோனியஸ் என்னும் பண்டைய வரலாற்றாசிரியர்.

ஆயினும் இந்தச் சிரிப்பின் அடியில் ஒரு வலி உண்டு. ஃபால்கோ காதலிப்பது செனட்டர் மகள் ஹெலெனாவை. அவளுக்கு ஈடாக நிற்க அவன் அடுத்த உயர் வகுப்புக்கு ஏறவேண்டும். அதற்குரிய சொத்துத் தகுதி 4,00,000 செஸ்டர்ஸ் நாணயம்! அறிவோ உழைப்போ அங்கே கணக்கில் இல்லை. எனவேதான் அவன் செல்வரைக் கண்டு சிரிக்கிறான். இல்லாதவனிடம் எவரும் பறிக்க முடியாத ஆயுதம் சிரிப்பு ஒன்றே அன்றோ?

2010 வரை ஃபால்கோவின் கதைகள் இருபது வெளிவந்தன. வரலாறு கசக்கிறது என்னும் நண்பர்கள் முதல் நூலிலிருந்தே தொடங்கலாம். மன்னர்கள் கட்டிய மண்டபங்களோடு, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிய மனிதர்களும் சேர்ந்ததே வரலாறு என்பதை உணர்வார்கள்.